ஆபரேஷன் செய்ய முடியாத பெண் முயலுக்கு எந்தத் துணை?

முயல்களை ஜோடி சேர்ப்பதற்கு முன் இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்பதுதான் எல்லா டாக்டர்களும் சொல்வது. எங்கள் வெள்ளைச்சிக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. இதயத் துடிப்போடு ஓர் இரைச்சல் கேட்கிறது, மயக்க மருந்து தாங்குவது சந்தேகம், வயிற்றைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒற்றையாக விடவும் மனம் வரவில்லை. முயல் கூட்டமாக வாழ்கிற பிராணி. போதாததற்கு ஆச்சி வேறு, “ஏளா, ஒத்தையில கெடந்தா அது ஏங்கிப் போயிரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இருந்த வழிகள் நான்கு. ஆபரேஷன் செய்த ஆண், இன்னொரு பெண், ஆபரேஷன் செய்யாத ஆணைப் பக்கத்துக் கூண்டில் வைப்பது, துணையே வேண்டாம் என்று விடுவது. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் செய்யாத ஆணைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினை பிடிக்கும். இதயம் பலவீனமான பெண்ணுக்கு ஒரு பிரசவமே தாங்காது. தனித்தனிக் கூண்டுதானே என்று நினைத்தாலும், யாராவது ஒரு நாள் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனால் முடிந்தது. ஆண் சுற்றிலும் மூத்திரம் பீய்ச்சுவது தனித் தொல்லை.

மற்ற மூன்றில் முடிவெடுக்க வைத்த விஷயம் ஒன்றே ஒன்று: பொய்ச்சினை. நாய்க்கு வருவதுபோல முயலுக்குப் பருவம் மாதக்கணக்கு வைத்து வருவதில்லை. இணை சேர்ந்த பிறகுதான் அதன் கருமுட்டை வெளியாகும். கரு தங்காவிட்டாலும் உடம்பு சினை என்றே நம்பிக்கொள்ளும். 16 முதல் 18 நாள் வரை இந்தக் கூத்து நடக்கும். நெஞ்சு முடியைப் பிய்த்துப்போடும், வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு ஒரு மூலைக்கு ஓடும், அந்த மூலைப் பக்கம் கை போனால் கடிக்கும். தனியாக இருக்கும் பெண்ணுக்கும் இது வரலாம். இன்னொரு முயல் மேலேறினால் வாய்ப்பு இன்னும் கூடும், ஏறுவது ஆபரேஷன் செய்த ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி. கருப்பையும் சினைப்பையும் உள்ளேயே இருக்கிற முயலுக்கு எந்தத் துணையைச் சேர்த்தாலும் இதை அடியோடு நிறுத்த முடியாது. அதனால், அது சீறுகிற அந்த இரண்டரை வாரத்தில் கூட இருக்கும் முயல் என்ன செய்யும் என்பதுதான் நான் பார்த்த கணக்கு.

இரண்டு பெண் என்றால், இரண்டுக்குமே இடப்பிடிப்பு அதிகம். இரண்டாவதற்கும் ஆபரேஷன் ஆகவில்லையென்றால் ஒரே மூலைக்கு இரண்டு சொந்தக்காரிகள். ஆபரேஷன் செய்துவிட்டால் சண்டை குறையலாம், ஆனால் ஆரோக்கியமான ஒரு முயலின் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். குட்டியிலிருந்து ஒன்றாக வளரும் அக்கா தங்கைகள் நான்கைந்து மாதம் வரை ஒட்டிக்கொண்டே திரியும். பருவம் வந்த பிறகுதான் நிறம் மாறும். அம்பாசமுத்திரத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் அப்படித்தான் நடுவில் பலகை வைத்துப் பிரித்தார்கள். நான் இரண்டு பெண்களைச் சேர்த்து வளர்த்ததில்லை. ஒரே வீட்டைப் பார்த்துச் சொல்வதால் இதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆணுக்கான ஆபரேஷன் சின்னது. விதை வெளியே இருப்பதால் வயிற்றைத் திறக்கிற வேலை இல்லை. ஆனால் முந்தின இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னால் ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, காலியான குடல்தான் அதற்கு ஆபத்து. ஆபரேஷனுக்குப் பிறகும் குழாய்களில் விந்து மிச்சம் இருக்கும் என்பதால் நான்கிலிருந்து ஆறு வாரம் பிரித்து வைக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டு நிலைமையில் ஆறுக்குக் குறைக்க மனம் ஒப்பவில்லை.

அந்தக் காத்திருப்பை நம் ஊர் வெயிலோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டையில் இதய நோயாளி முயலை இன்னொன்று துரத்துவதை நினைத்தே பார்க்க முடியவில்லை. எங்கள் ஆண் முயல் சுப்புவுக்குப் புரட்டாசியில் ஆபரேஷன் முடித்து, மழை பிடித்த பிறகு கார்த்திகையில் அறிமுகம் செய்தோம். முதலில் நடுவில் கம்பி வலை, இரண்டின் விரிப்பையும் மாற்றி மாற்றிப் போட்டோம். பிறகு இரண்டுமே அதுவரை கால் வைக்காத தார்சாவில், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கொஞ்சநேரம் விட்டோம். ஏறப் பார்த்தால் உடனே விலக்கிவிடுவோம்.

சுப்புவின் ஏறுகிற ஆசை முழுசாகப் போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. வெள்ளைச்சி முடி பிய்க்கத் தொடங்கினால் வலை திரும்பவும் நடுவில் வந்துவிடும். கட்டிய கூட்டைக் கலைப்பதில்லை. கலைத்தால் மறுபடி முடியைப் பிய்த்துக் கட்டும். அந்த நாட்களில் சுப்பு எதிர்த்து நிற்காமல் ஒதுங்கிப் போய்விடுகிறான். ஆணைத் தேர்ந்தெடுத்ததன் பலன் இதுதான். இதற்கான விலை, வீட்டில் எப்போதும் இரண்டு இடம், இரண்டு தட்டு, மடக்கி வைக்கிற ஒரு வலை.

துணையே வேண்டாம் என்பதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிற முயலுக்கு அறிமுகப் பதற்றமே அதிகம். வீட்டில் பகல் முழுக்க ஆள் இருந்தால் தனிமை அவ்வளவு தெரியாது. டாக்டர் தயங்கினால் நானும் அப்படியே விட்டிருப்பேன்.

எந்தத் துணை வந்தாலும் கருப்பைப் புற்றுநோய் பயம் போகாது. மூன்று நான்கு வயதைத் தாண்டிய, ஆபரேஷன் செய்யாத பெண்களுக்கு அது வரும் வாய்ப்பு மிக அதிகம். மூத்திரம் சிவப்பாக இருந்தால் தின்ற தழையின் நிறமாகவும் இருக்கலாம், ரத்தமாகவும் இருக்கலாம். பார்த்த உடனே காட்டிவிட வேண்டும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு வசதி.

ஆண் முயல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இங்கே கிடைப்பதில் பல, கறிக்காக வளர்க்கிற ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா கலப்புகள். வளர்ந்தால் மூன்று நான்கு கிலோ வரும். இதயக் கோளாறு உள்ள பெண்ணுக்கு அவ்வளவு கனமான துணை வேண்டாம். குட்டியில் ஆண் பெண் அடையாளம் தவறிப்போவதும் சகஜம். விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், கூண்டுக்குள் விடுவதற்கு முன் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.