கோட்டையூரிலிருந்து ஆறு வருட வாதம்: என் பயன்பாட்டு அனுபவம்

இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு அறிவியல் வாதம் செய்யத் தொடங்கி எனக்கு ஆறு வருடம் முடிந்துவிட்டது. மிக்ஸிக்கும் ஸ்கூட்டருக்கும் நீண்ட நாள் பயன்படுத்தியவர்கள் அனுபவம் எழுதுகிறார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் நானும் வாங்குகிறேன். இந்தப் பழக்கத்துக்கும் யாராவது எழுதினால் நல்லது என்று தோன்றியது. தொடங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவட்டும்.

காரைக்குடியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தவள் நான். 2019 மே மாதம் ஓய்வு. ஊர் கோட்டையூர், அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாங்கள் சொல்கிற சிக்ரி, இந்தப் பக்கம் வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டியதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர் என் அப்பா. அப்பாவுக்கு ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை வேலை. பேரேடு, பற்று வரவு, வருடக் கடைசியில் ஐந்தொகை என்று வாழ்ந்தவர். அவரிடமிருந்து வந்த பழக்கம், ஒவ்வொரு வாதத்தையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைக்கிறேன். தேதி, அவர்கள் சொன்னது, நான் சொன்னது, பிறகு தேடிப் பார்த்ததில் எது சரி என்று தெரிந்தது. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. இந்த அனுபவம் அந்த நோட்டுகளிலிருந்து வருகிறது.

நோட்டில் அதிகப் பக்கம் பிடித்திருப்பது தண்ணீரில் ஓடும் கார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை யாராவது ஒரு வீடியோவோடு வருவார்கள். ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு தகடு, ஒரு பேட்டரி, குமிழி குமிழியாக வாயு. "நம்ம ஊர்க்காரர் கண்டுபிடித்தார், பெட்ரோல் கம்பெனிகள் அமுக்கிவிட்டன" என்று சொல்வார்கள். முதல் வருடம் நான், ஆற்றலைப் புதிதாக உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற ஆற்றல் அழிவின்மை விதியைச் சொன்னேன். ஒருவர்கூட மனம் மாறவில்லை. விதி என்றதும் பரீட்சை ஞாபகம்தான் அவர்களுக்கு வருகிறது.

அப்புறம் ஈபி கணக்கில் சொல்லிப் பார்த்தேன். ஒரு கிலோ ஹைட்ரஜனிலிருந்து எரிபொருளாகக் கிடைப்பது சுமார் 33 யூனிட். அந்த ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து பிரிக்க, நல்ல கருவி வைத்திருந்தாலும் 50 யூனிட் அளவுக்கு மின்சாரம் போகும். "50 ரூபாய் போட்டு 33 ரூபாய் எடுக்கிற கடையை நடத்துவீர்களா?" என்று கேட்டேன். தேவகோட்டையில் மளிகைக் கடை வைத்திருப்பதாகச் சொன்ன ஒருவர் அன்றோடு அந்த வீடியோவை யாருக்கும் அனுப்புவதை நிறுத்தினார். "அப்போது அந்தக் குமிழி பொய்யா?" என்று மட்டும் கேட்டார். நல்ல கேள்வி. குமிழி நிஜம். பேட்டரி இல்லாமல் அது வருமா என்பதுதான் பார்க்க வேண்டியது. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அடுப்புச் சாம்பலை மறுபடி அடுப்பில் போடுவது மாதிரி. இது அவருக்கு உடனே பிடிபட்டது.

1996ல் தண்ணீரில் மூலிகை போட்டு பெட்ரோல் எடுக்கிறேன் என்று ராமர் பிள்ளை சொல்ல, மூலிகை பெட்ரோல் பேச்சு வந்தபோது நான் வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் நம்பினார்கள், ஆசிரியர் அறையிலும் பாதிப் பேர் நம்பினார்கள். இருபது வருடம் கழித்து, 2016ல், அது மோசடி என்று நடந்த வழக்கில் அவருக்குச் சிறைத்தண்டனை தீர்ப்பானது. நம்பியவர்களை முட்டாள்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வெளிநாட்டுக்குப் போகிற பணம் நம் ஊரில் நிற்க வேண்டும் என்ற ஆசை அது. அந்த ஆசையை மதித்துப் பேசினால் எதிரில் இருப்பவர் காது கொடுக்கிறார் என்று நோட்டில் நாலைந்து இடத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்போது சோலார். ஓய்வுப் பணத்தில் 3 கிலோவாட் போட்டேன். முன்கட்டு நாட்டு ஓடு, அதில் கை வைக்க முடியாது. பின்கட்டில் பிறகு எழுப்பிய காங்கிரீட் மாடியில்தான் தகடுகள் நிற்கின்றன. நல்ல வெயில் நாளில் 12 யூனிட், சில நாள் 13. ஐப்பசி அடைமழையில் 3, 4 என்று இறங்கும். சித்திரை வெயிலில் நிறைய வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தகடு சூடேறினால் அதன் திறன் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3லிருந்து 0.4 வரை போகும். எங்கள் ஊர் மதியத்தில் தகடு 60 டிகிரியைத் தொடும்போது எவ்வளவு போகும் என்று பெருக்கிப் பாருங்கள். என் நோட்டில் நல்ல எண்கள் மாசி, பங்குனியில்தான் இருக்கின்றன.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பொருத்தியவர்கள், கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்பதைச் சொல்லவே இல்லை. முதல் மின்தடையில் நல்ல மதிய வெயிலில் மின்விசிறி நின்றது. இயற்பியல் படித்த எனக்கே அந்த நிமிடம் கோபம். காரணம் நியாயமானதுதான், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே அணைகிறது. ஆனால் விற்கும்போது சொல்ல வேண்டிய விஷயம் இது. இதை நான் எழுதிய பிறகு, வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டு என்னிடம் வந்தவர்கள் பல பேர். வாதத்தைவிட இந்தப் பகிர்வுதான் அதிகம் பயன்பட்டது.

ஆற்றல் விவாதத்தில் பெரிய குழப்பம், ஒரு நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்கிற மெகாவாட்டுக்கும், உண்மையில் எவ்வளவு மின்சாரம் வந்தது என்கிற யூனிட்டுக்கும் நடுவில் இருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சோலார் 2016லேயே வந்துவிட்டது, கூடங்குளத்தில் ஒரு அணு உலை 1000 மெகாவாட், அப்படியானால் இரண்டு கமுதி ஒரு உலையைவிட மேல் என்று ஒருவர் எழுதினார். என் வீட்டுக் கணக்கையே கொடுத்தேன். 3 கிலோவாட் 24 மணி நேரமும் ஓடினால் 72 யூனிட் வர வேண்டும், வருவது 12. ஆறில் ஒரு பங்கு. கமுதிக்கும் ஏறக்குறைய அதே விகிதம்தான் வைக்க வேண்டும். உடனே இன்னொருவர், அப்படியானால் சோலாரே வீண் என்று குதித்தார். அவருக்கும் அதே நோட்டிலிருந்து சோலாரால் குறைந்த என் இரண்டு மாத பில்லைக் காட்டினேன். இரண்டு பேரும் என் மேல் கோபப்பட்டார்கள். பிறகு இரண்டு பேரும் தங்கள் வீட்டு மீட்டரைப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். என் ஆறு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாதம் அது.

தகட்டிலிருந்து கதிர்வீச்சு வருகிறது, இடியை இழுக்கும் என்பவையெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும், அதற்குள் போகவில்லை.

நான் உண்மையாகவே மாறியது வாக்கு இயந்திர விஷயத்தில். நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவள், கடைசியாக 2019 ஏப்ரல் 18. அதனால் வாக்கு இயந்திரத்தை ஹேக் செய்துவிடலாம் என்ற பேச்சு வந்தாலே "நான் நேரில் பார்த்தவள்" என்று இறங்கிவிடுவேன். இயந்திரத்துக்கு இணையத் தொடர்பே கிடையாது, அதனால் ஹேக் செய்ய முடியாது, முடிந்தது பேச்சு. இதுதான் என் பதில். 2021ல் சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளையைப் படமாக வைத்திருந்த ஒருவர் பொறுமையாக எழுதினார். 2010ல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்ரைப் என்ற கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் மூவரும் ஓர் இந்திய இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டியதைச் சொன்னார். எண்ணைக் காட்டுகிற பலகையை மாற்றுவது, நினைவகச் சில்லில் ஒரு கிளிப்பை மாட்டுவது. இரண்டுக்கும் இணையம் வேண்டாம், இயந்திரம் கையில் கிடைத்தால் போதும். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று சொன்னதையும் எடுத்து வைத்தார். வாக்குப்பதிவின் முக்கியமான படிகளைத் தொழில்நுட்பம் தெரியாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. கடைசியில் ஒரு கேள்வி: "டீச்சர், நீங்கள் சரிபார்த்தீர்கள். ஓட்டுப் போட வந்த ஆத்தா எதைச் சரிபார்த்தார்?"

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எழுதியபோது, இணையம் இல்லை என்ற என் பதில் பாதிப் பதில்தான் என்று ஒத்துக்கொண்டேன். அந்த ஆத்தாவுக்காக வந்ததுதான் விவிபேட், போட்ட ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சீட்டில் அச்சடித்துக் காட்டுகிற கருவி. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் வைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு 7 விநாடி தெரிந்து விழும். நான் வேலை பார்த்த சாவடியில் அந்த 7 விநாடியும் குனிந்து நின்று பார்த்துவிட்டுப் போன வயதானவர்கள் உண்டு.

நானும் அவருக்குச் சிலது சொன்னேன். 7 மணி வாக்குப்பதிவுக்கு முன்னால், விடியும் நேரத்தில், கட்சி முகவர்களை வைத்துக்கொண்டு குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு எண்ணிக் காட்டுவோம். பிறகு அழித்து, சீட்டுகளை எடுத்து உறையில் போட்டு, இயந்திரத்தை மூடி ஒட்டுகிற காகித முத்திரையில் முகவர்கள் கையெழுத்து. மாலையில் 'குளோஸ்' பொத்தானை அழுத்தியதும் மொத்த ஓட்டு எவ்வளவு என்று 17சி படிவத்தில் எழுதி ஒவ்வொரு முகவருக்கும் நகல். அந்த முகவர்கள் யார்? டீக்கடைக்காரர், கொத்தனார், பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவர். எல்லோரும் சாதாரணக் குடிமக்கள்தான். காளைப் படக்காரருக்கு 17சி பற்றித் தெரியாது. "இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை" என்று கேட்டார். இரண்டு பேருமே நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்தோம். ஆறு வருடத்தில் இப்படி நடந்தது ஐந்தோ ஆறோ தடவை. அந்த ஐந்துக்காக மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

2024 ஹரியாணா வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு, வாக்குப்பதிவு முடிந்தும் சில இயந்திரங்களில் பேட்டரி 99 சதவீதம் காட்டியது எப்படி என்று ஒரு வாரம் வாதம் ஓடியது. எனக்குச் சிக்ரி பக்கத்திலேயே இருக்கும் ஊர்க்காரி என்ற உரிமை உணர்வு வந்துவிட்டது, உட்கார்ந்து படித்தேன். அது ஃபோன் பேட்டரி இல்லை, 7.5 வோல்ட் ஆல்கலைன் வகை, மறுபடி சார்ஜ் ஏற்ற முடியாதது. மின்னழுத்தம் 7.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் வரை அளவி 99 என்றே காட்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் பதில். நான் இதை எழுதிய உடன், நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டவர்கள்தான் அதிகம். அந்த அளவி சதவீதத்தைக் காட்டாமல் வோல்ட்டைக் காட்டினால் பாதிச் சந்தேகம் வராது என்று நானும் சேர்த்து எழுதினேன், அதை யாரும் கவனிக்கவில்லை.

இந்தப் பழக்கத்தின் பற்றுப் பக்கத்தையும் சொல்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வாதம் செய்தால் தூக்கம் போகும், இரண்டாவது வருடத்திலிருந்து நிறுத்திவிட்டேன். பெண் என்று தெரிந்ததும் வருகிற வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் எழுதுவதில்லை, அப்படியே தடுத்துவிடுகிறேன். ஒருமுறை கடுமையாக எழுதிய ஒரு பையன் என்னிடமே பிளஸ் டூ படித்தவன் என்று பிறகு தெரிந்தது. என் பதிலும் அன்று கடுமைதான். இருவரும் வருத்தம் சொல்லிக்கொண்டோம், ஆனால் அவன் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

யாருக்கு ஒத்துவரும்? கையில் ஏதாவது ஒரு மீட்டர், ஒரு நோட்டு, நேரில் பார்த்த ஒரு வேலை இருப்பவர்களுக்கு. இன்னொருவர் எழுதியதை வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் அலுத்துவிடும்.

இப்போது மூன்றாவது நோட்டில் திறந்து கிடக்கிற பக்கத்தோடு முடிக்கிறேன். காளைப் படக்காரர் எல்லா விவிபேட் சீட்டையும் எண்ண வேண்டும் என்கிறார். 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டமன்றத் தொகுதிக்கு 5 இயந்திரத்தின் சீட்டுகளை மட்டும் எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கிற முறைதான் நடக்கிறது. போதுமா என்று இருவரும் கணக்குப் போட்டோம். ஒரு தொகுதியில் 300 சாவடி, அதில் 30ல் கோளாறு என்று வைத்துக்கொண்டால், 5 எடுத்துப் பார்த்தால் ஒன்றாவது மாட்டுகிற வாய்ப்பு நூற்றுக்கு 41தான். நாடாளுமன்றத் தேர்தல் என்றால் சிவகங்கைத் தொகுதிக்குள் காரைக்குடியோடு சேர்த்து ஆறு சட்டமன்றத் தொகுதிகள், மொத்தம் 30 இயந்திரம். ஆறிலும் அதே அளவு கோளாறு இருந்தால் வாய்ப்பு நூற்றுக்கு 96 ஆகிவிடுகிறது. சட்டமன்றத் தேர்தலுக்கும் 95க்கு வர வேண்டுமானால் தொகுதிக்கு 28 வேண்டும். எல்லாவற்றையும் எண்ண வேண்டாம், 28 எண்ணுங்கள் என்பது என் பக்கம். கோளாறு 30ல் இல்லாமல் 3ல் மட்டும் இருந்து, வெற்றி வித்தியாசமும் சில நூறு ஓட்டாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நேற்று கேட்டிருக்கிறார். வித்தியாசம் குறையக் குறைய எண்ணுகிற இயந்திரத்தைக் கூட்டுகிற மாதிரி ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை காபிக்குப் பிறகு அனுப்ப வேண்டும்.