ஹைப்ரிட் காரில் மைலேஜ்: உருள விடுவதா, சார்ஜ் ஏற்றுவதா?

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயங்களில் அடித்துப் பேசுவார்கள். தூரத்தில் சிவப்பு சிக்னல் தெரிந்தால் காலை எப்படி எடுக்க வேண்டும் என்பது ஒன்று. தங்கள் வண்டி லிட்டருக்கு எவ்வளவு தருகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை ஒழுங்காக அளக்காமல் முதலாவதைப் பற்றிச் சண்டை போடுவது வீண் என்பது என் கட்சி. ஆனாலும் ஓட்டும் முறையிலிருந்தே தொடங்குவோம், சுவாரஸ்யம் அங்கேதான் இருக்கிறது.

கணக்குக்காக மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் வரும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டை (எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரால் மட்டுமே ஓடவும் முடிகிற வகை) எடுத்துக்கொள்கிறேன். 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின், 0.76 யூனிட் கொள்ளும் சின்ன பேட்டரி. ஆட்களோடு சேர்த்து எடை 1,400 கிலோ என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் அந்த வண்டியிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 195 கிலோஜூல். எஞ்சின் 35 சதவீதத் திறனில் உழைத்தால், அந்த வேகத்தைத் தொட 18 மில்லி பெட்ரோல் வேண்டும். ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் நாம் பேரம் பேசுவது இந்த 18 மில்லிக்குத்தான்.

காலை முழுசாக எடுத்தாலோ, பிரேக்கை மெதுவாக அழுத்தினாலோ மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரத்திலிருந்து மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி என்று போய், அதே வழியில் திரும்பி சக்கரத்துக்கு வரும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்துகிறது. கையில் மிஞ்சுவது தோராயமாக 60, 70 சதவீதம். உருள விட்டால் இந்தப் போக்குவரத்தே இல்லை. இருக்கிற வேகம் அப்படியே தூரமாகிறது.

அதனால் சிக்னல் தெரிந்ததும் காலை முழுக்க எடுக்காமல், ஆக்சிலரேட்டரை மயிரிழை அழுத்திப் பிடிப்பதுதான் நல்லது. மீட்டரில் முள் சார்ஜ் பகுதிக்கும் ஈகோ பகுதிக்கும் நடுவிலுள்ள கோட்டில் நிற்க வேண்டும். ஆற்றல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் எனர்ஜி மானிட்டர் திரையில் எந்தப் பக்கமும் அம்புக்குறி ஓடக்கூடாது. கால் பழகச் சில வாரமாகும், அப்புறம் மீட்டரைப் பார்க்கவே தேவையிருக்காது. கடைசி நூறு மீட்டரில் நிறுத்தியே ஆக வேண்டும் என்னும்போது மென்மையான, நீளமான பிரேக். சடாரென்று மிதித்தால் சாதா பிரேக் சேர்ந்துகொள்ளும். அதில் போவது வெறும் சூடு, திரும்பி வராது.

“இதற்கு நியூட்ரலே போட்டுவிடலாமே” என்பவர்களுக்கு: வேண்டாம். இந்த வகை வண்டியில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது, பிரேக் பிடித்தாலும் மின்சாரம் திரும்பாது. அவசரத்துக்கு வேகமெடுக்கவும் முடியாது. கால் நுனியில் கிடைப்பதற்கு லீவரை ஏன் தொட வேண்டும்?

இறக்கத்துக்கென்று கியர் லீவரில் இருக்கும் ‘பி’ மோடைச் சமவெளியில் போடுவதும் அப்படித்தான். அது எரிபொருள் இல்லாமல் எஞ்சினைச் சுழற்றி ஆற்றலை வேண்டுமென்றே வீணாக்கும் ஏற்பாடு. அதற்கென்று இடம் இருக்கிறது: ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பாதை. உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். 1,400 கிலோ வண்டி அந்த இறக்கத்தில் விடுவிப்பது நாலரை யூனிட். டயர் உராய்விலும் காற்றிலும் ஒரு பகுதி போனாலும், மீதியை 0.76 யூனிட் பேட்டரி எங்கே வாங்கி வைப்பது? சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே நிரம்பிவிடும். பிறகு எஞ்சின் உறுமுவது கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். வண்டி பிரேக்கைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது பல்ஸ் அண்ட் கிளைடு: 60 வரை சுறுசுறுப்பாக ஏற்றி, எஞ்சின் அணைந்ததும் 45 வரை உருளவிட்டு, மறுபடி ஏற்றுவது. எஞ்சின் நல்ல சுமையில் மட்டும் ஓடுவதால் பலன் நிஜம். 2005-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஐந்து பேர் மாறி மாறி ஒரு இரண்டாம் தலைமுறை பிரியஸை (டொயோட்டாவின் ஹைப்ரிட் கார்) ஓட்டி, ஒரே டேங்கில் 1,397 மைல் போனார்கள். லிட்டருக்கு 46 கி.மீ.க்கு மேல். ஆனால் அது காலியான சாலை. பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை ஏழு மணிக்கு இதைச் செய்தால் பின்னால் வருபவர் நம் பரம்பரையையே விசாரிப்பார். இங்கே முன்கூட்டியே காலைத் தளர்த்துவது போதும். மே மாத நெரிசலில் ஏசி ஒரு கிலோவாட் இழுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 400 மில்லி பெட்ரோல் போகும். மேசைக்கரண்டிக் கணக்கெல்லாம் அங்கே எடுபடாது.

சரி, எதை நம்பி அளப்பது?

டேஷ்போர்டு எண் வசதியானது, ஆனால் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஹைப்ரிட்டில் அதைவிடப் பெரிய சிக்கல், சிறு பயணங்களில் பேட்டரி நடத்தும் விளையாட்டு. 10 கி.மீ. போய் 25 மைலேஜ் என்றால் செலவு 400 மில்லி. வழியில் பேட்டரி 0.3 யூனிட் இறங்கியிருந்தால், அதைத் திரும்ப நிரப்ப 120 மில்லி வேண்டும். திரையில் வந்த 25 உண்மையில் 19 தான். “ஆபீஸ் போக 32 கொடுத்தது” என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புபவரிடம், கிளம்பும்போதும் சேரும்போதும் பேட்டரிக் கட்டம் எத்தனை என்று கேளுங்கள்.

டேங்கை முழுக்க நிரப்பி, ஓடிய தூரத்தை அடுத்த முறை ஊற்றும் லிட்டரால் வகுக்கும் டேங்க் ஃபுல் முறையில் பேட்டரிப் பிரச்சினை கரைந்துவிடும், ஆனால் நாசில் ஆட்டோ கட் ஆகும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். அரை லிட்டர் முன்னே பின்னே என்றால் 30 லிட்டருக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் பிழை, 10 லிட்டருக்கு ஐந்து. ஆகவே ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் கட்டோடு நிறுத்தம், டேங்க் முக்கால்வாசி காலியான பிறகே நிரப்புதல். நாலைந்து ஃபில்லிங்கைக் கூட்டி மொத்தமாக வகுத்தால் டேஷ்போர்டை எவ்வளவு கழித்துப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வண்டியின் கணினியில் செருகித் தகவல் படிக்கும் ஓபிடி கருவி, எஞ்சின் எப்போது அணைகிறது, சார்ஜ் எத்தனை சதவீதம் என்று காட்டும். அது கால் பழகத்தான் உதவும், லிட்டர் கணக்குக்கு பங்க் பில்லே மேல்.

நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 27.97 கி.மீ. ஆய்வகத்து உருளையில், ஏசி அணைத்து, 90-ஐத் தாண்டாமல் எடுத்தது. அதோடு மோதுவதைவிட, உங்கள் பழைய பில்லோடு மோதுங்கள். அப்போதும் இரண்டைப் பாருங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் லிட்டருக்கான ஆற்றல் கலப்பில்லாத பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறைவு. தேய்ந்த டயர் சிறுத்துவிடுவதால் ஓடோமீட்டர் தூரத்தை ஒன்றிரண்டு சதவீதம் கூட்டிச் சொல்லும். புது டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் போகும் முன், நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல்லை வைத்து ஒரு இருபது கி.மீ. ஓடோமீட்டரைச் சரிபார்த்துவிடலாம்.