684 வெள்ளி போச்சு: கண்ணாடியில் டிசைன் செதுக்க ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

நேற்று இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டு டிவி மேசையில் ஒரு கண்ணாடி மெழுகுவர்த்திக் கிண்ணம் வெடித்தது. உள்ளே டீ லைட் ஏற்றி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கீழே தரையில் உட்கார்ந்து என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தலைமுடியிலிருந்து கண்ணாடித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது என் கை நடுங்கியது. கோபம் ஆறட்டும், பிறகு எழுது என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆறினால் நான் எழுத மாட்டேன், இந்தக் கிண்ணத்தை எனக்கு விற்ற ஆள் அடுத்தவரிடம் போய்விடுவான்.

நான் 15 வருஷமாக மணப்பெண்களுக்கு மருதாணி போடுகிறவள். சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறோம். வரும் சனிக்கிழமை என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் கொடுக்கலாம், மருதாணியில் போடுகிற அதே மாங்காயையும் கொடியையும் அதில் நானே செதுக்கித் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது நான்தான். "அத்தை செஞ்சா தனி அழகு" என்று அந்தப் பெண் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். 40 கிண்ணம் வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளோக் கீழே நடந்த சின்ன கைவினைச் சந்தையில் அந்த ஆளைப் பார்த்தேன். இணையச் சந்தைச் செயலி ஒன்றில் கைவினைப் பொருள் விற்கிறவன், வாரக் கடைசியில் இப்படி மேசை போடுவானாம். நம்ம தமிழ்ப் பையன். "அக்கா, சும்மா பாருங்க, காசு வேணாம்" என்றான். மகளிடம் பெயர் கேட்டான். மேசைக்கு அடியில் இருந்த ஒரு பெட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தான். பெயரைத் தாளில் எழுதி, கிண்ணத்தின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி, வெளிப்பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு, ரோட்டரி டூலில் (கையில் பிடிக்கிற சுழலும் குட்டி மெஷின்) வைரப் பூச்சுள்ள பிட்டை, அதாவது செதுக்குகிற முனையை மாட்டி, அந்த எழுத்துகளின் மேலேயே பேனா ஓட்டுகிற மாதிரி ஓட்டினான். வெள்ளைச் சேறு போல வழிந்ததைத் துடைத்ததும் என் மகள் பெயர் பனி படர்ந்த மாதிரி நின்றது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கிண்ணத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். மேசை மேல் அடுக்கியிருந்த கிண்ணங்கள் அத்தனை இருக்க, அடியில் இருந்த பெட்டியிலிருந்து ஏன் எடுக்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கழுவி வைத்தது போல என்று நினைத்துக்கொண்டேன்.

டூலும் 60 பிட்டும் சேர்ந்த செட் 252 வெள்ளி. கிண்ணம் ஒன்று 9 வெள்ளி. உடைந்தால் இருக்கட்டும் என்று 48 எடுத்தேன், 432 வெள்ளி. மொத்தம் 684. செயலி வழியாகப் போனால் 730 ஆகும், "நமக்குள்ள எதுக்குக்கா, பேநவ் பண்ணிடுங்க" என்றான். பேநவ் என்றால் போன் நம்பரை வைத்தே வங்கியிலிருந்து நேராகப் பணம் அனுப்புவது. 46 வெள்ளி மிச்சம் என்று அங்கேயே நின்று அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. "ஏதாவதுன்னா தம்பி இருக்கேன்ல" என்றான். நான்கு நாளில் பெட்டிகள் வந்தன.

முதலில் பிட் பிரச்சினை. டூலோடு வந்த காலெட் (பிட்டின் தண்டைப் பிடிக்கிற வாய்) 3.2 மில்லிமீட்டர் தண்டுக்கானது. 60 பிட்டில் பாதிக்கு மேல் 2.35 மில்லிமீட்டர். மாட்டினால் பிடிக்கவே இல்லை, ஆடி விழுந்தது. சரி, பொருந்துகிற பிட்டை வைத்துச் செய்வோம் என்று சர்வீஸ் யார்டில் உட்கார்ந்தேன். கண்ணுக்குக் காகிள்ஸ், மூக்குக்கு என்95 மாஸ்க், தட்டில் தண்ணீர், ஸ்பாஞ்ச். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது, காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் சூடேறி விரிசல் விடும் என்பதெல்லாம் படித்துவிட்டுத்தான் தொட்டேன். வேகத்தையும் குறைத்தே வைத்திருந்தேன்.

முதல் கிண்ணத்தில் கொடி நன்றாக வந்தது. மாங்காயின் வயிற்றைக் கொஞ்சம் ஆழமாக எடுக்கப் போனேன். படீரென்று ஒரு சத்தம். கையில் இருந்த கிண்ணம் முழுக்கக் கற்கண்டு கொட்டின மாதிரி தட்டில் கிடந்தது. உள்ளங்கையில் இரண்டு கீறல். காகிள்ஸ் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

படம் எடுத்து அனுப்பினேன். "தண்ணி வச்சீங்களாக்கா?" என்று பதில். வைத்தேன் என்றேன். "ஃபர்ஸ்ட் டைம் அப்படித்தான் ஆகும், அடுத்தது பாருங்க." அடுத்ததும் அதே மாதிரி, அதே சத்தம். அப்போது அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை: "அக்கா, உங்க கை அழுத்தம் ஜாஸ்தி. கிளாஸ்ல ஒரு பிரச்சினையும் இல்ல. எல்லாருக்கும் இந்தக் கை வராது."

மருதாணிக் கூம்பை 15 வருஷமாகப் பிடித்த கை இது. கொஞ்சம் அழுத்தினால் கோடு தடித்துவிடும், மணப்பெண் கை பாழாகிவிடும். அப்படிப்பட்ட என்னையே, ஒருவேளை என் கைதான் சரியில்லையோ என்று இரண்டு நாள் நினைக்க வைத்துவிட்டான். பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

மூன்றாவதை மேலோட்டமாகக் கீறினேன், கோடு தெரிந்தால் போதும் என்று. உடையவில்லை. அதற்குள் பிட்டின் வைரப் பூச்சு தேய்ந்து அடியில் இருக்கும் இரும்பு பளபளவென்று தெரிந்தது, அது வேறு கதை. சந்தோஷத்தில் அந்த மூன்றாவதில் டீ லைட் வைத்து டிவி மேசையில் ஏற்றினேன். அதுதான் நேற்று வெடித்தது.

என் கொழுந்தன் குளியலறைக்குக் கண்ணாடித் தடுப்பு போடுகிற வேலை செய்கிறார். இன்று சாயங்காலம் வந்தார். தூளைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே, "அண்ணி, இது டெம்பர்ட்" என்றார். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர வைப்பார்களாம். வெளித்தோல் இறுகி உள்ளே அமுக்கிக்கொண்டிருக்கும், உள்பகுதி இழுத்துக்கொண்டிருக்கும். தோலைத் தாண்டி எங்கே கீறினாலும் அந்த இழுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் விடுபட்டுச் சிதறிவிடும். வெட்டுவது, ஓட்டை போடுவது எல்லாம் டெம்பர் பண்ணுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவார்கள், அதற்கப்புறம் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்றார். லேசாகக் கீறினது அப்போதைக்குத் தாங்கினாலும், சூடு பட்டால் பிறகு போகலாம்.

எங்கள் மடிக்கணினித் திரையை வெள்ளையாக்கி, அதன் முன்னால் மிச்சம் இருந்த 45-இல் ஒரு கிண்ணத்தைப் பிடித்து, தான் மீன்பிடிக்கப் போகும்போது போடும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்க்கச் சொன்னார். கிளாஸைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அப்போதும் கிண்ணத்தில் வெளிச்சத் திட்டுகள் தெரிந்தன. பெட்டிக்குள் இருந்த மற்றவற்றிலும் கைக்கு வந்ததை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் அப்படித்தான்.

பிறகு என் மகள் பெயர் செதுக்கிய கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு திட்டும் இல்லை. சாதாரணக் கண்ணாடி. அதே உயரம், அதே வாய், அதே அடிப்பாகம். அவன் மேசைக்கு அடியிலிருந்து எடுத்தது இதற்காகத்தான்! வந்த பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கரைக் கிழித்த தடம் இருக்கிறது. தெரியாமல் விற்றான் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இதை எழுதி அனுப்பினேன். "சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." அதற்குப் பிறகு படித்ததாக நீலக் குறி மட்டும், பதில் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. கொழுந்தன் தன் போனிலிருந்து அடித்தார், எடுத்தான், என் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டான். செயலிக்காரர்களுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: பணம் எங்கள் வழியாக வரவில்லை, விற்பனையாளரையே தொடர்புகொள்ளவும். 46 வெள்ளிக்காக 684 வெள்ளியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், என் மாதிரி தனி ஆளுக்கு 5,000 வெள்ளி வரை 10 வெள்ளிதான் கட்டணம். ஆனால் யார் மேல் போடுவது? என்னிடம் இருப்பது பேநவில் தெரிந்த ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும்தான். முகவரி இல்லை, கடைப் பெயர் இல்லை, ரசீது இல்லை.

வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். உங்களுக்குக் கொடுக்கப்போகிற பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்து உங்கள் முன்னால் செதுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் நடையைக் கட்டுங்கள். செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பிசினஸ் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தொழில்களைப் பதிவு செய்கிற அரசு அமைப்பான அக்ராவின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், அதற்குக் காசு கிடையாது. காகிள்ஸ் இல்லாமல் தொடாதீர்கள். இதே மாதிரி கிண்ணம் ஏற்கனவே வாங்கிச் செதுக்கியிருந்தால் தயவுசெய்து அதில் தீ ஏற்ற வேண்டாம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வெளியே எடுத்தே வைக்க வேண்டாம்.

நாத்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கிறது. டூல் ஓடுகிறது, நாளைக்கு ஜாலான் புசார் பக்கம் போய் நல்ல பிட் இரண்டைத் தேடிக்கொள்வேன். சாதாரணக் கண்ணாடிதான் என்று உறுதியாகச் சொல்லி 40 கிண்ணம் தரக்கூடியவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து, கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன்.