பொகோத்தாவில் துத்தெலா போட்டோம், மருந்து வந்தது

கொலம்பியாவுக்குக் குடிவரும் நம் ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது துத்தெலா என்ற மனுவைப் பற்றித்தான். அடிப்படை உரிமைக்குப் பங்கம் வந்தால் நேராக நீதிபதியிடம் போய்க் கேட்கலாம். 1991 அரசியலமைப்பின் 86ஆம் பிரிவு கொடுத்த வழி இது. வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது, வெளிநாட்டவரும் போடலாம். 10 நாளுக்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும்.

என் மாமியார் சர்க்கரை நோயாளி, படுத்த படுக்கை. இன்சுலின் வாங்கப் போனால் மருந்துக் கவுன்ட்டரில் ‘பெந்தியெந்தே’ என்று எழுதிய சீட்டுதான் கிடைக்கும். அதாவது சரக்கு இல்லை, பிறகு வாருங்கள். மருந்து தர வேண்டிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டால் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கடைசியில் அவர் சார்பில் நானே மனு எழுதினேன். அவரால் தானாக வர முடியாது என்பதை மனுவிலேயே சொல்லிவிட்டால் சட்டம் அதை ஏற்கிறது. டாக்டர் சீட்டு, மருத்துவக் குறிப்பு, அந்த ‘பெந்தியெந்தே’ சீட்டுகள் எல்லாவற்றையும் இணைத்தேன். இதே விஷயத்துக்கு வேறு துத்தெலா போடவில்லை என்ற உறுதிமொழியையும் மறக்காமல் எழுத வேண்டும். எல்லாமே இணையம் வழியாகத்தான். கோர்ட் படி ஏறவே இல்லை.

தீர்ப்பு கெடுவுக்குள் வந்தது: 48 மணி நேரத்தில் மருந்து கொடு. படித்துக் காட்டியபோது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குறை எங்கே என்றால், தீர்ப்புக்குப் பிறகும் நிறுவனம் அசையவில்லை. உயிர் காக்கும் மருந்துக்கு நீதிபதி உத்தரவு போட்டும் ஒரு வீடு காத்துக் கிடப்பது அநியாயம். அப்புறம் ‘தெசகாத்தோ’, அதாவது உத்தரவை மீறியதற்கான நடவடிக்கை கேட்டு அதே நீதிபதிக்கு எழுதினேன். உத்தரவை மதிக்காதவருக்கு 6 மாதம் வரை காவல், 20 மாதக் குறைந்தபட்சச் சம்பளம் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. நோட்டீஸ் போனதும் இன்சுலின் வீடு தேடி வந்தது.

போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மருந்தை மட்டும் கேட்காதீர்கள், அந்த நோய்க்கான முழுச் சிகிச்சையையும் கேளுங்கள். அதற்கு ‘த்ராத்தமியெந்தோ இந்தெக்ரால்’ என்பார்கள். நான் கேட்டேன், நீதிபதியும் கொடுத்தார். பிறகு டாக்டர் வேறு இன்சுலினுக்கு மாற்றி எழுதியபோது புது மனு தேவைப்படவில்லை.