பழைய பென்ஸுக்கு வேலந்தாவளம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்

எங்கள் பக்கம் பழைய பென்ஸ் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், வீட்டில் முதலில் கேட்பது “அதை யார் ரிப்பேர் பார்ப்பாங்க?” என்பதுதான். பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், தென்னந்தோப்பை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப்பை நான் தைரியமாகச் சொல்வேன். கொழிஞ்சாம்பாறையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். சரக்கெடுக்க கோயம்புத்தூருக்கும் ஈரோட்டுக்கும் நானே ஓட்டிப் போவேன். வண்டி 2010 மாடல் சி220 சிடிஐ. பொள்ளாச்சியில் வாங்கி, என்ஓசி எடுத்து, இங்கே வரி கட்டி, கேஎல்-70 நம்பருக்கு மாற்றியது.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு முதலில் போனது ஸ்டீயரிங் லாக்குக்காக. சாவியைப் போட்டுத் திருப்பினால் டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பேட்டரி நன்றாகவே இருந்தது. ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஸ்டீயரிங் லாக், இக்னிஷன் சுவிட்ச், சாவி எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். லட்சத்தைத் தாண்டியது. இங்கே மெக்கானிக் ஆசான் (எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) காது வைத்துக் கேட்டார். சாவி போட்டதும் லாக்குக்குள் இருக்கிற சின்ன மோட்டார் சுற்றும் சத்தம் வர வேண்டும், வரவில்லை. “இந்த மாடலுக்கு இது வழக்கமா வர்றதுங்க அக்கா, மோட்டார் தேஞ்சு போச்சு” என்றார்.

நான் அவரை நம்பத் தொடங்கியது அதற்கு அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான். லாக்கைக் கழற்றிவிட்டு, அது இருப்பதுபோல் சிக்னல் கொடுக்கும் எமுலேட்டரை மாட்டினால் வேலை சுலபம், அப்புறம் இந்தப் பிரச்சினையும் வராது. ஆனால் ஸ்டீயரிங் பூட்டு இல்லாத வண்டியாகிவிடும். திருட்டுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருக்கிற வண்டியில் அப்படிச் செய்ய அவருக்கு மனசில்லை. மோட்டாரை மட்டும் புதிதாகப் போட்டார். பூட்டின் நினைவில் பதிந்திருந்த பிழையை ஸ்கேனரில் அழித்தார். அழிக்காவிட்டால் புது மோட்டார் போட்டும் லாக் திறக்காதாம். கழற்றிய மோட்டாரை ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். செலவு அந்த எஸ்டிமேட்டில் கால்வாசிகூட வரவில்லை.

கியர் பாக்ஸிலும் இதே கைப்பக்குவம்தான். என் வண்டியில் இருப்பது ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். வயர் உள்ளே போகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் இருக்கிறது. அதன் ரப்பர் வளையம் இறுகிப்போனால் ஆயில் வயர் வழியாகவே ஏறி, கியரைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட்டுக்குள் போய்விடும். கனெக்டர் விலை குறைவுதான், யூனிட் கெட்டால்தான் பெரிய செலவு. கேட்காமலே பார்த்துச் சொன்னார், மாற்றினார். இந்த கியர் பாக்ஸில் ஆயில் அளக்கும் குச்சி வண்டியோடு வராது. அவர் தனிக் குச்சி வைத்திருக்கிறார். ஆயில் 80 டிகிரி சூடு ஏறிய பிறகுதான் அளக்கிறார். அதுவரை காத்திருக்க வேண்டும், அவசரப்படுத்தினால் கேட்க மாட்டார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இனி இன்சூரன்ஸ். மேலே சொன்ன இரண்டு வேலைக்கும் இன்சூரன்ஸில் ஒரு ரூபாய் வராது. தேய்மானமும் தானாக வரும் எந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் சேராது. பழைய சொகுசு வண்டி வாங்குகிறவர்கள் ரிப்பேருக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும்.

ஆசான் எனக்குச் செய்த பெரிய உதவி ஐடிவி (வண்டி திருடு போனாலோ முழுசாக அழிந்தாலோ கம்பெனி தரும் தொகைக்கு அடிப்படையான மதிப்பு) விஷயத்தில். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி எவ்வளவு என்பதை கம்பெனியும் நாமும் பேசித்தான் முடிவு செய்கிறோம். பிரீமியம் குறையட்டும் என்று அதை ரொம்பக் கீழே வைத்துப் புதுப்பிக்கச் சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. குறைவது ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான) பங்கு மட்டும்தான். 1500 சிசிக்கு மேற்பட்ட தனியார் காருக்குத் தர்ட் பார்ட்டி (நம் வண்டியால் மற்றவருக்கு வரும் பாதிப்புக்கான) பிரீமியம் 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 7,897 ரூபாய், அதில் ஐடிவிக்கு வேலையே இல்லை. ஆனால் விபத்தில் ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம், என்று கணக்கு வைத்துவிடுவார்கள். சின்ன காருக்கு அந்த எல்லை சீக்கிரம் வராது. பென்ஸில் ஏர்பேக் விரிந்து, இரண்டு ஹெட்லைட்டும் முன்பக்கமும் போனால், மூன்று லட்சம் ஐடிவி வைத்த வண்டி அங்கேயே முடிந்தது. ஓடக்கூடிய, நன்றாகப் பராமரித்த வண்டியை எடைக்குப் போட வேண்டி வரும். அதனால் சந்தையில் அந்த வண்டி என்ன விலை போகிறதோ அந்த விலைக்கு ஐடிவி வைக்கச் சொல்லிக் கறாராகப் பேசுங்கள். நான் பேசித்தான் ஏற்றினேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவருடைய நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) நமக்கு வராது, அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. என் பழைய காரை விற்றபோது என் போனஸுக்கு கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்திருந்தேன். அதனால் 50 சதவீதமும் இந்த வண்டிக்கு வந்தது.

போன மழைக்காலத்தில் கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தபோது தென்னையிலிருந்து குலை விழுந்தது. முன் கண்ணாடியும் ஒரு ஹெட்லைட்டும் உடைந்தன, பானெட் நசுங்கியது. ஆசானுக்கு போன் போட்டேன். “எதையும் தொடாதீங்க அக்கா, போட்டோ எடுங்க, கம்பெனிக்குச் சொல்லுங்க, சர்வேயர் பார்த்த பிறகுதான் கழட்டணும்” என்றார். அப்புறம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். கண்ணாடிக்குத் தேய்மானம் (பாகம் பழசானதற்கான கழிவு) பிடிக்க மாட்டார்கள். ஹெட்லைட் பிளாஸ்டிக், பாதி பிடிப்பார்கள். பத்து வருஷம் தாண்டிய வண்டியின் உலோக பாகத்துக்கும் பாதி. பெயின்டில் சாமான் செலவுக்குப் பாதி. இது போக 2,000 ரூபாய் கட்டாயமாக நம் கையிலிருந்து. கிளைம் எடுத்தால் போனஸ் பூஜ்யத்துக்குப் போய்விடும். இவ்வளவும் கழித்தாலும் கிளைம் எடுப்பதே லாபம் என்று கணக்கு சொன்னது. கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் யோசித்திருக்கலாம் என்றார். வந்த தொகை அவர் தாளில் எழுதியதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

குறை என்றால், பார்ட்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ கிடைக்காவிட்டால் ஹெட்லைட் மாதிரி சாமான் வரத் தாமதமாகிறது, அதுவரை வேறு வண்டிக்கு நீங்கள்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கேஷ்லெஸ் வசதி இல்லை. முழுப் பணத்தையும் கட்டிவிட்டு கம்பெனியிடமிருந்து பிறகு வாங்க வேண்டும். ஜிஎஸ்டி பில் கொடுக்கிறார், ஆனால் வேலை முடிந்த அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள், அவருடைய கணக்குப் பையன் எல்லா நாளும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு. போவதற்கு முன் போன் செய்து சேசிஸ் நம்பரைச் சொல்லிவிட்டால், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் எந்த பார்ட் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருப்பார்.