எழுதத் தலைப்பு தேட கூகுள் டிரெண்ட்ஸ்: கோபியிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருந்துகொண்டு வெள்ளாமை, வாய்க்கால், சந்தை பற்றி இணையத்தில் எழுதுகிறேன். எதை எழுதினால் ஆட்கள் வந்து படிப்பார்கள் என்று பார்க்கச் சில வருடங்களாகக் கூகுள் டிரெண்ட்ஸைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு சொல்லைக் கூகுளில் தேடுவது எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கோடு போட்டுக் காட்டும் கருவி அது. எப்போது எழுதுவது என்று அது நன்றாகவே சொல்கிறது. எதை எழுதுவது என்பதற்கு அதை மட்டும் நம்ப முடியாது.

அதில் வரும் 100 என்பது நூறு பேர் தேடினார்கள் என்பதல்ல. நாம் தேர்ந்தெடுத்த காலத்திலும் இடத்திலும் தேடல் உச்சத்தில் இருந்த நேரம்தான் 100. மற்ற எண்களெல்லாம் அதோடு ஒப்பிட்டு வருபவை. ஒரு சொல்லைத் தனியாகப் போட்டால் கோடு ஏறி இறங்குவது தெரியும், தேடியவர்கள் அதிகமா கொஞ்சமா என்பது தெரியாது. அதனால் எப்போதும் இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பார்ப்பேன், ஒரே நேரத்தில் பல சொற்களைப் போடலாம். இடத்தைத் தமிழ்நாடு என்றும் காலத்தை ஐந்து வருடம் என்றும் மாற்றிக்கொள்வேன். வருடா வருடம் ஒரே மாதத்தில் கோடு ஏறினால் அது பருவத் தலைப்பு, நம்பி இறங்கலாம்.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் புது மஞ்சள் ஈரோடு, பெருந்துறை ஏலத்துக்கு வரத் தொடங்கும்போது விலை தேடுகிறவர்கள் கூடுகிறார்கள். அன்றைய விலையை எழுதினால் கூட்டம் வரும், இரண்டு நாளில் கலைந்துவிடும். விரலிக்கும் கிழங்குக்கும் ஏன் விலை வேறு, ஈரம் போகக் காயவைக்காவிட்டால் ஏலத்தில் என்ன ஆகும் என்று எழுதிய கட்டுரைகளுக்கோ ஒவ்வொரு வரத்துக் காலத்திலும் ஆட்கள் திரும்ப வருகிறார்கள். மார்கழியிலேயே அவற்றைப் புதுப்பித்து வைத்துவிடுவேன்.

டிரெண்ட்ஸ் கைவிடும் இடம் நம் ஊர் விஷயங்கள். தேடல் குறைவாக இருந்தால் போதிய தரவு இல்லை என்று வெற்றுத் திரை காட்டும். அதைப் பார்த்து அந்தத் தலைப்புக்கு ஆளே இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானிப் பாசனத்தில் மொத்தம் 2,07,000 ஏக்கர், அதைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நஞ்சைக்கும் மறு பாதிக்குப் புஞ்சைக்கும் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஆகஸ்ட் நெருங்கினால் டீக்கடையில் ஒரே பேச்சுதான்: "எங்க மதகுக்கு இந்தத் தடவை நஞ்சையாங்ணா, புஞ்சையாங்ணா?" அறிவிப்பில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று வருவதைப் படித்துவிட்டுத் தன் காட்டுக்கு எது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் நிறையப் பேர். அதை வாய்க்கால் வாரியாகப் பிரித்து எழுதினேன். டிரெண்ட்ஸில் அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது, ஆனால் எனக்கு அதிக வாசகர்களைக் கொண்டுவந்த கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட தலைப்புகளுக்குக் கூகுள் சர்ச் கன்சோல்தான் துணை. என்ன சொல்லைத் தட்டி நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதை 16 மாதம் வரை காட்டும். மிக அரிதான தேடல்களை மறைத்துவிடும், இருந்தும் போதுமானது கிடைக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் 2016இல் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயைப் பற்றித் தென்னைக் கட்டுரை ஒன்று எழுதியிருந்தேன். வந்தவர்களில் பலர் பூச்சியின் பெயரையே தேடவில்லை, "தென்னை ஓலை கருப்பு" என்றுதான் தட்டியிருந்தார்கள். ஈ கசியவிடும் தேன் போன்ற திரவத்தில் கரும்பூசணம் படர்வதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். உடனே அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து, மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீர் பீய்ச்சுவது, அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியைக் காப்பாற்றக் கண்ட மருந்தையும் அடிக்காமல் இருப்பது என்று தனியாக எழுதினேன். அப்புறம் கோடை வந்தால் அதற்குத்தான் முதலில் ஆள் வருகிறது.

சினிமா, அரசியல் என்று அன்றாடம் பொங்குகிற தலைப்புகளுக்கு டிரெண்ட்ஸின் 'இப்போது டிரெண்டிங்' பகுதி வேகமாக வேலை செய்கிறது. எனக்கு அதில் பயனில்லை, பெரிய செய்தி நிறுவனங்களோடு அங்கே போட்டி போட முடியாது. இரண்டு கருவிகளுக்கும் கட்டணம் கிடையாது. கைப்பேசியிலும் திறக்கும், ஆனால் ஐந்து வருடக் கோடுகளை ஒப்பிட்டுப் பார்க்கக் கணினித் திரைதான் சரி.