விண்டோஸில் பிறர் தொகுத்த ஜிசிசி: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

ஜிசிசி என்பது மூல நிரலை இயங்குகோப்பாகத் தொகுக்கும் (கம்பைல் செய்யும்) திறந்த மூலக் கம்பைலர். அந்தத் திட்டம் அதிகாரபூர்வமாக வெளியிடுவது தன் மூல நிரலை மட்டுமே. விண்டோஸில் நேரே இயங்கும் கோப்புகளை அது தருவதில்லை. தானே தொகுத்துக்கொள்ளும் சிலரைத் தவிர, விண்டோஸில் ஜிசிசி பயன்படுத்தும் எவரும் விண்டோஸுக்கான ஹெடர்களும் லைப்ரரிகளும் தரும் மிங்டபிள்யூ-டபிள்யூ64 கோப்புகளோடு சேர்த்து வேறொருவர் தொகுத்த பில்டு (நேரே இயங்கும் வடிவம்) ஒன்றையே நம்பியிருக்கிறார். சி++, ஃபோர்ட்ரான் மொழிகளில் கணிப்பு மென்பொருள் எழுதி, மூல நிரல் தராமல் இயங்குகோப்பாக மட்டும் வழங்கும் என் வேலையும் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட பில்டுகளின் மேல்தான் நடக்கிறது.

கம்பைலர் உருவாக்கும் இயந்திரக் குறியீட்டின் தரத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. தொல்லை தருவது பதிப்பு எண்ணுக்குப் பின்னால் மறைந்திருக்கும் தேர்வுகள்தான். ஒரே பதிப்பு என்று எழுதப்பட்ட இரண்டு பில்டுகளில் ஒன்று விண்டோஸின் பழைய சி லைப்ரரியான எம்எஸ்விசிஆர்டியையும் மற்றொன்று புதிய யுசிஆர்டியையும் சார்ந்திருக்கலாம். ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் த்ரெட் வசதி ஒன்றில் போசிக்ஸ் முறையிலும் மற்றொன்றில் விண்டோஸின் சொந்த வின்32 முறையிலும் இருக்கலாம். ஜிசிசி 13-க்கு முந்தைய வின்32 வகையில் சி++11-இன் த்ரெட் வசதியே கிடையாது என்பதால், ஒரு பில்டில் தொகுப்பான நிரல் அடுத்ததில் முதல் வரியிலேயே நின்றுவிடும். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடுகிறது. சி++ லைப்ரரியின் டிஎல்எல் (நிரல் ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரிக் கோப்பு) எல்லா பில்டுகளிலும் ஒரே பெயரில் இருப்பதுதான் மோசம். வேறொரு மென்பொருள் நிறுவிச் சென்ற பழைய பிரதி தேடல் பாதையில் முன்னே நின்றால், நுழைவுப் புள்ளி கிடைக்கவில்லை என்ற செய்தியோடு நிரல் திறக்க மறுக்கும். தேவையான டிஎல்எல்களை இயங்குகோப்பின் அருகிலேயே வைத்து அனுப்பத் தொடங்கிய பிறகே அத்தகைய புகார்கள் ஓய்ந்தன.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. ஜிசிசியை அது ஓடப்போகும் அமைப்பிலேயே தொகுக்கும்போது, அது வழக்கமாகத் தன்னைத் தானே மூன்று கட்டமாகத் தொகுத்து, கடைசி இரண்டு கட்டங்களின் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்காகக் குறுக்கே தொகுக்கப்படும் பில்டுகளுக்கு இந்தச் சோதனை வாய்ப்பதில்லை. ஆகவே ஒரு பில்டை எடுக்குமுன், அதைத் தொகுத்தவர் சோதனைத் தொகுதியை ஓட்டி முடிவுகளை வெளியிட்டிருக்கிறாரா என்று நான் பார்க்கிறேன், பெரும்பாலும் வெளியிட்டிருப்பதில்லை.

உரிமத்துக்கு வருவோம். மூல நிரலையும் சேர்த்தே வழங்கக் கோரும் ஜிபிஎல் உரிமமுள்ள கம்பைலரில் தொகுத்தால் நம் நிரலும் ஜிபிஎல் ஆகிவிடும் என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஜிசிசி இன்று ஜிபிஎல் 3-ஆம் பதிப்பில் இருந்தாலும், நம் இயங்குகோப்பில் கலக்கும் அதன் சி++ லைப்ரரிக்கும் அடிப்படை லைப்ரரிக்கும் 2009-இல் வந்த இயக்கநேர விதிவிலக்கு பொருந்துவதால், வழக்கமான முறையில் தொகுக்கப்பட்ட மூடிய மென்பொருளை எந்த உரிமத்திலும் வழங்கலாம். ஃபோர்ட்ரான்காரர்கள் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும்: கூடவே வரும், உயர் துல்லியக் கணக்குகளுக்கான குவாட்மேத் லைப்ரரி, ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஸ்டாட்டிக்காக இணைத்து அனுப்பினால், பயனர் அந்த லைப்ரரியை மாற்றி மறுபடி இணைத்துக்கொள்ள வழி செய்யும் கடமை நம்மேல் விழுகிறது. அதனால் அதை டிஎல்எல்லாகவே விட்டிருக்கிறேன்.

கம்பைலரையே நம் மென்பொருளோடு சேர்த்து வழங்கும்போதுதான் ஜிபிஎல்லின் முழுக் கடமையும் வருகிறது. அந்த இயங்குகோப்புகளுக்கு உரிய மூல நிரலைத் தர வேண்டும். தொகுப்பையும் நிறுவலையும் இயக்கும் ஸ்கிரிப்டுகளும் மூல நிரலில் அடங்கும் என்று 3-ஆம் பதிப்பு சொல்கிறது. வழக்கறிஞர்களுக்கான சடங்கு என்று இதைப் பலர் ஒதுக்குகிறார்கள். என் அனுபவத்தில் ஒரு பில்டின் நம்பகத்தன்மையை அளக்க இதைவிட நல்ல கருவி இல்லை. எந்தெந்தப் பேட்சுகள் (மூல நிரலில் செய்த திருத்தங்கள்) சேர்ந்தன, எந்த அமைவுத் தேர்வுகள் கொடுக்கப்பட்டன என்பதை வெளியிடாத பில்டு, உரிமத்தையும் மீறுகிறது. பழுது வந்தால் யாராலும் மறுபடி கட்டவும் முடியாது. 2015-இல் ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடின் திருத்தப்பட்ட பிரதி ஒன்றின் வழியே ஐஓஎஸ் செயலிகளுக்குள் தீநிரல் புகுந்ததை நினைத்தால், இந்த எதிர்பார்ப்பு மிகையல்ல.

இந்த அளவுகோலில், ஜிசிசியையும் பிற கருவிகளையும் விண்டோஸுக்குத் தரும் எம்எஸ்ஒய்எஸ்2 முன்னிற்கிறது: ஒவ்வொரு பேக்கேஜுக்கும் கட்டும் ஸ்கிரிப்டும் பேட்சுகளும் திறந்தே கிடக்கின்றன. தொடர்ந்து நகரும் வெளியீடு என்பதால் ஒரு புதுப்பித்தலில் கம்பைலரும் அதைச் சார்ந்த லைப்ரரிகளும் சேர்ந்தே மாறிவிடும் என்பது அதன் விலை. நிலையான பதிப்பு வேண்டுவோருக்கு வின்லிப்ஸ் என்ற தளம் தருவது போல விரித்தாலே போதுமான ஜிப் கோப்புகள் வசதி. நான் முன்பு சார்ந்திருந்த ஒரு பில்டு, அதைப் பராமரித்தவர் விலகியதும் புதுப்பிக்கப்படாமல் நின்று, பின்னர் அதன் மூல நிரல் இணைப்புகளும் செயலிழந்தன. மூல நிரல் வேறொருவரின் சர்வரில் இருந்தாலும், தேவையான காலம்வரை அது கிடைக்கச் செய்வது வழங்குபவரின் பொறுப்பே என்று ஜிபிஎல் 3 தெளிவாகச் சொல்கிறது. எனவே இப்போது எந்த பில்டை வாடிக்கையாளருக்கு அனுப்பினாலும், அதன் ஜிப் கோப்பையும் மூல நிரலையும் ஸ்கிரிப்டுகளையும் ஒரே நாளில் இறக்கி, வெளியீட்டு எண்ணோடு எங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்கிறோம்.